அரிப்பில் ஒரு கிரேக்கம்

கிரேக்கத்துக்கு விசா வேண்டும். மன்னார்த் தீவின் தாழ்வுபாட்டிலிருந்து அரிப்புக்கு ஒரு வான் போதும். பாலம் தாண்டி வங்காலை வருமுன்னே சின்னவனுக்கு வாந்தி. மூத்தவளுக்கோ மன்னார் டவுனில் பார்த்த கழுதைகளே போதுமாம்.

கடலோர மேட்டில் டொரிக் மாளிகை. முத்துக்குளிப்பை மேற்பார்வையிட, இலங்கையின் முதல் பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 1800களின் தொடக்கத்தில் கட்டியது. மனுசனுக்குக் கிரேக்கப் பித்து: 1791இல் கோர்பு தீவில் கிரேக்கத் திருச்சபையிலேயே சேர்ந்துவிட்டார். மாளிகை மட்டும் சும்மா இருக்குமா? அதுவும் கிரேக்கப் பாணிதான், உள்ளே செங்கல்.

"அப்பா, கூரை எங்க?"

"விழுந்திட்டுது."

"அப்ப ஏன் வந்தனாங்கள்?"

ஏதென்ஸில் நிற்கும் தகப்பனுக்கும் இதற்குப் பதில் இராது. பார்க்க நினைப்பவர்கள், பிள்ளைகள் வளரட்டும் என்று காத்திருக்காதீர்கள். கடல் அந்த மேட்டை அரித்துக்கொண்டே வருகிறது.