பூ நட்ட புண்ணியவான்கள்

சென்னையில் செர்ரி பூக்காதே என்று ஏங்கிக் கிடந்தவர்கள் வாயில் சர்க்கரை போட்டுவிட்டார்கள், நம் பூங்காக்களை அழகுபடுத்தும் பெருமக்கள். அசல் செர்ரிக்குக் குளிர்காலம் என்று ஒன்று வேண்டும். மேகாலயத்தில் ஷில்லாங் மலையில் நவம்பர் வந்தால் அது பூக்கிறது, திருவிழாவே எடுக்கிறார்கள். தரமணியில் மார்கழிக் குளிர் என்றால் மின்விசிறியை ஐந்திலிருந்து மூன்றுக்குக் குறைப்பது. அதற்காக விட்டுவிட முடியுமா? தபேபுயாவை நட்டு, ‘இதுதான் நம்ம ஊர் செர்ரி’ என்று சொல்லிவிட்டோம். எல் சால்வடார் நாட்டின் தேசிய மரம், ஜப்பான் வேஷம் கட்டிக்கொண்டு சென்னையில் நிற்கிறது. மூன்று நாடுகளை ஒரே குழியில் இறக்கும் இந்த ராஜதந்திரம் வெளியுறவுத் துறைக்கே வராது.

அந்த மரத்தின் பெருந்தன்மையையும் சொல்ல வேண்டும். வெயில் ஏறத் தொடங்கும் மாசி, பங்குனியில் இலையை எல்லாம் உதிர்த்துவிட்டுத்தான் பூக்கும். தரமணி பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கி அலுவலகத்துக்கு நடக்கும் பிள்ளைகள் அதன் அடியில் நின்றால் முகத்தில் வெளிச்சம் பளீரென்று விழும், செல்ஃபி பிரமாதமாக வரும். புங்க மரத்துக்கு இந்த நாகரிகம் உண்டா? கத்திரி தொடங்குவதற்குள் தலை கொள்ளாமல் துளிர்விட்டு, இஸ்திரி வண்டி, இளநீர்க் கடை, ஆட்டோ ஸ்டாண்டு என்று கண்டதையும் தன்னடியில் கூட்டி வைத்துக்கொள்ளும். படம் எடுத்தால் ஆள் கறுத்துப்போய்த் தெரிவார். பூங்காவின் தரம் என்ன ஆவது?

தெய்வங்களுக்கும் இந்த ரசனை கொஞ்சம் குறைவுதான். மயிலாப்பூர் கபாலீசுவரர் புன்னையைத் தல மரமாக வைத்துக்கொண்டார். இங்கே பக்கத்தில் திருவான்மியூர் மருந்தீசுவரர் முள்ளுள்ள வன்னியோடு திருப்திப்பட்டுவிட்டார். அவர்கள் காலத்தில் நர்சரி கேட்லாக் கிடையாது, மன்னித்துவிடலாம். ஆனால் 2011-இல் அடையாறு கழிமுகத்தில் 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்கா அமைத்தவர்களை எப்படி மன்னிப்பது? இந்த மண்ணின் மரஞ்செடிகளாகத் தேடித் தேடி நட்டார்கள். விளைவு, பறவையும் பட்டாம்பூச்சியும் அழையா விருந்தாளிகளாக வந்து குடியேறிவிட்டன.

நடுவதற்கு நாள் குறிப்பதிலும் நம்மவர்கள் கெட்டி. ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள். கேரளத்தில் பருவமழை இறங்கும் நேரம். நமக்குக் கத்திரி முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும், அசல் மழை ஐப்பசியில்தான். இடையில் நான்கு மாதம் தாக்குப்பிடிக்கும் கன்றுக்கே சென்னையில் குடியிருக்கத் தகுதி என்று சோதிக்கிறார்கள். தேறாவிட்டால் அடுத்த ஜூனில் அதே குழியில் வேறு கன்று, வேறு விருந்தினர், வேறு படம். குழி வெட்டும் கூலி மிச்சம்.

அந்தக் குழியையும் குனிந்து பாருங்கள். ஒரு முழ அகலம். அடிமரத்தை நெரித்தாற்போல் சிமென்ட் கரை, அதைச் சுற்றி வழுவழுவென்று டைல்ஸ். மழைத்தண்ணீர் கீழே இறங்கி வேரைத் தொந்தரவு செய்யாமல் நேராகச் சாலைக்கு ஓடிவிடும். கூண்டுக் கம்பியில் நன்கொடையாளர் பெயர்ப் பலகை, கன்றைவிட இரண்டு மடங்கு அகலம். கன்றுக்குக் கிடைக்கும் ஒரே நிழல் அதுதான், குறை சொல்லக் கூடாது.

வேர் ஆழமாக இறங்கினால் மரம் ஒரே இடத்தில் முரண்டு பிடித்து நிற்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தபோது குல்மோகரும் பெருங்கொன்றையும் எவ்வளவு ஒத்துழைத்தன! பூவுக்காகவே வளர்த்த மரங்கள். ஒரே பகலில் கார் மேலும் மின்கம்பி மேலும் சாய்ந்து படுத்து, தெருவுக்குத் தெரு வானத்தைத் திறந்து காட்டின. அந்த வெற்றிடத்தில்தானே இன்றைக்குப் புதுப்புது வண்ணமாக நட முடிகிறது.

வந்தவரை வரவேற்பதில் நம் பண்பாட்டுக்கு ஈடில்லை. 1910-இல் ஜப்பான் அன்போடு அனுப்பிய 2,000 செர்ரிக் கன்றுகளை அமெரிக்கர்கள் சந்தேகத்தோடு சோதித்து, பூச்சியும் புழுவும் இருக்கிறதென்று வாஷிங்டனில் கொளுத்தினார்கள். ஜப்பான்காரர்கள் கோபித்துக்கொள்ளாமல் 1912-இல் 3,020 நல்ல கன்றுகளை மறுபடி அனுப்பினார்கள். பரிசுப் பொருளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும் அநாகரிகம் நம்மிடம் கிடையாது. அமெரிக்கக் கண்டத்துக் கடற்கரையிலிருந்து வந்த கோனோகார்பஸை ஒரு கேள்வி கேட்காமல் சாலை நடுவிலும் வளாகச் சுவரோரத்திலும் வரிசை வரிசையாக நட்டு, பச்சைப்பசேலென்று வளர்த்துவிட்டு, மகரந்தத்தால் மூச்சுத் தொல்லை, வேரால் குழாய்க்குச் சேதம் என்று பேச்சு வந்த பிறகு 2025-இல் சாவகாசமாகத் தடை போட்டோம். முதலில் நடுவது, பிறகு விசாரிப்பது. விருந்தோம்பலின் முறையே அதுதானே?

இவ்வளவு செய்தவர்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். கல்யாண மண்டப வாசலில் நிற்கிறதே, எல்.இ.டி. விளக்கு வைத்த பிளாஸ்டிக் செர்ரி, அதையே தரமணிப் பூங்காக்களுக்கும் வாங்கிவிடலாம். குளிர் வேண்டாம், குழி வேண்டாம், ஐப்பசி வரை காத்திருக்கவும் வேண்டாம். வருஷம் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் பூ. புயல் எச்சரிக்கை வந்தால் பிளக்கைப் பிடுங்கி உள்ளே வைத்துவிடலாம். தண்ணீர் ஊற்றும் டெண்டரை மட்டும் வழக்கம்போல் விட்டுவிடுங்கள். பாவம், லாரிக்காரர்கள் பிழைப்பைக் கெடுப்பானேன்.