ஊட்டி முப்பத்தேழு: மூலமும் உரையும்

கார் நாற்பது, களவழி நாற்பது, இன்னா நாற்பது, இனியவை நாற்பது என நாற்பதாகப் பாடுவது நம் மரபு. இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட தொகையோ முப்பத்தேழோடு நின்றுவிட்டது. ரோலில் இருந்தவையே 36தான். அப்பா அதைக் கேமராவில் மாட்டும்போது பிலிம் நுனியை வெகு சிக்கனமாக இழுத்துவிட்டதால் ஒன்று கூடுதலாகத் தேறியது. அந்த ஒன்றில் வலப்பாதி சித்தப்பா. இடப்பாதி வெளிச்சம் பட்டு வெந்து, செந்தழலாய் நிற்கிறது. சங்கத் தொகைகளுக்குக் கடவுள் வாழ்த்து பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது என்பார்கள். நம் தொகைக்கு அது முதலிலேயே அமைந்துவிட்டது.

ரோலைக் கழுவிப் பிரிண்ட் போட்டுக் கொடுத்த கோபிச்செட்டிபாளையம் ஸ்டுடியோக்காரர் இலவசமாகத் தந்த ஆல்பமே நமது சுவடி. அட்டையில் சூரியகாந்திப் பூ. 23ஆம் படம் கிடைத்திலது. அதில் சித்தி மட்டும் நன்றாக விழுந்திருந்ததால் 1999 பொங்கலுக்கு வந்தபோது உருவிக்கொண்டு போய்விட்டார் என்பது அம்மா கட்சி. அப்படி ஒரு படமே இல்லை என்பது சித்தி கட்சி.

தொகையின் காலத்தை முதலில் முடிவு செய்துவிடலாம். படங்களின் மூலையில் ஆரஞ்சு எண்களில் 94 1 1 முதல் 94 1 3 வரை பொறித்திருக்கிறது. இதை நம்பி 1994 புத்தாண்டு என்று எழுதுவோர் ஏமாறுவர். அந்தக் கேமராவுக்குப் புது செல் போட்டால் அதன் நாள்காட்டி பழைய தொடக்கத்துக்கே ஓடிவிடும். அதைத் திருத்தும் பொத்தான் எதுவென்று எங்கள் வீட்டில் ஒருவரும் அறியார். எனவே அகச்சான்றே கதி. 4ஆம் படத்தில், மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் அத்தை தோளுக்கு மேலே, பாதி கிழிந்த ‘ஜீன்ஸ்’ பட போஸ்டர் தெரிகிறது. அந்தப் படம் வந்தது 1998 ஏப்ரலில். நான் ஆறாம் வகுப்பு முடித்த விடுமுறையும் அதுவே. ஆக, 1998 மே. சங்க காலத்தைக் கணிக்கவும் இப்படியொரு போஸ்டர் கிடைத்திருந்தால் எத்தனையோ அறிஞர்கள் கடைசிவரை பேச்சு வார்த்தையில் இருந்திருப்பார்கள்.

அடுத்த சிக்கல், மலைப்பயணப் படங்களில் மலை இல்லாமை. 19ஆம் படத்தின் முதுகில் அம்மாவின் கையெழுத்தில் ‘தொட்டபெட்டா உச்சி’ என்று இருக்கிறது. 2,637 மீட்டர், நீலகிரியிலேயே உயர்ந்த இடம். படத்தில் இருப்பதோ பதினொரு பேரும், பின்னால் ஒரே வெள்ளையும். வீட்டுக் கொடியில் வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டு எடுத்திருந்தாலும் இதே படம்தான் வந்திருக்கும். மஞ்சுதான் காரணம் என்றாலும், அப்பாவின் பங்கையும் மறைப்பதற்கில்லை. மங்கலாக இருக்கிறதே என்று பிளாஷைப் போட்டார். அந்தச் சின்ன பிளாஷ் மூன்று நான்கு மீட்டருக்கு மேல் எட்டாது. போன தூரம் வரையில் மஞ்சுத் துளிகளில் பட்டுத் திரும்பி, அத்தையின் நெற்றிக்கு எதிரே வெள்ளை வெள்ளையாய் உருண்டைகளை மிதக்கவிட்டது. அவை பிரசாதமா ஆவியா என்று அப்புச்சி நெடுநாள் யோசித்தார். மஞ்சு விலகிய படங்களிலும் மலைக்கு நற்பேறில்லை. எல்லாரும் விழ வேண்டும் என்று அகலக் கண்ணாடி வைத்த கேமரா, தொலைவில் இருப்பதைச் சுருக்கிவிடும். மாமாவின் குரங்குக் குல்லாவின் குஞ்சத்தைவிடக் குட்டையாக ஒரு சிகரம் 26ஆம் படத்தில் காணக்கிடைக்கிறது.

இனி கண்மூடல். பயணம் போனவர் பன்னிருவர். கேமராவுக்குப் பின்னால் அப்பா. ஆக முன்னால் பதினொருவர். மனிதர் நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைக்கிறார், ஒரு இமைப்புக்கு ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்தால், நூற்றுக்கு ஐந்து பங்கு நேரம் கண் மூடியே இருக்கிறது. பதினொருவரும் ஒருசேரக் கண் திறந்திருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 57 மட்டுமே. இது ஏதோ என் வீண்வேலை என்று எண்ண வேண்டாம். ஆஸ்திரேலியாவின் நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ் இருவரும் இதைக் கணக்குப் போட்டு 2006இல் கணிதத்துக்கான இக் நோபல் பரிசே வாங்கினார்கள். இருபதுக்குள் ஆட்கள் இருந்தால், நல்ல வெளிச்சத்தில் ஆள் எண்ணிக்கையை மூன்றால் வகுத்து அத்தனை படம் எடு. வெளிச்சம் குறைவென்றால் இரண்டால் வகு என்பது அவர்கள் சூத்திரம். ஊட்டி மஞ்சில் எங்களுக்கு ஒரு குரூப் போட்டோவுக்கு ஆறு படம் ஆகும். ஆறே குரூப் போட்டோவில் ரோல் தீர்ந்திருக்கும்; அப்பாவின் உயிரும் போயிருக்கும். அவர் வழி வேறு. ‘ரெடி, ஒன்னு, ரெண்டு’ என்று எண்ணி, மூன்று வருமுன் அழுத்திவிடுவார். இந்த முறையில் எடுத்த குரூப் போட்டோக்கள் ஒன்பது. எல்லாரும் கண் திறந்த படம் ஒன்றுமில்லை. ஒன்பதிலும் அப்புச்சியின் கண் மூடியிருக்கிறது. அவரைக் கழித்துவிட்டுப் பத்துப் பேருக்கு எண்ணினால் ஐந்து தேறுகிறது. கணக்கு கிட்டத்தட்டச் சரியாக வந்துவிடுகிறது. அப்புச்சியை மட்டும் கணிதத்தால் விளக்க முடியவில்லை. அம்மாவின் உரையே விளக்குகிறது: “அவரு இமைக்கலீங்க, தூங்கறாரு.”

இங்கே உரை மரபைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன் ஆல்பம் வரும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து படத்துக்குப் படம் உரை சொல்வார். உரையின்றி இந்த மூலம் ஒருவருக்கும் விளங்காது. 7ஆம் படத்தை எடுத்துக்கொள்வோம். குன்னூர் மலைப்பாதையின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில், கட்டைச்சுவர் மேல் சித்தி உட்கார்ந்திருக்கிறார். வலக்கையில் ஓர் எலுமிச்சம்பழம். “வாந்தி எடுத்த பொறகு” என்பது அம்மாவின் உரை. “எடுக்கறதுக்கு முன்னாடி, எடுக்கவே இல்ல” என்பது சித்தியின் மறுப்புரை. இருபத்தாறு ஆண்டுகளாக இது தீரவில்லை. நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பழத்தில் நகக்குறி இருக்கிறது. முந்தானை நுனி ஈரமாகி நிறம் கறுத்திருக்கிறது. என் முடிபை வெளியிடுவதற்கில்லை. தீபாவளிக்குச் சித்தி வீட்டில்தான் சாப்பாடு.

திணை என்ன என்றும் கேட்பர். நிலம் குறிஞ்சி, அதில் ஐயமில்லை. ஆனால் மே மாத நண்பகல் பாலைக்குரிய பொழுது. ஏரியில் படகுக்கு வரிசையில் நின்ற ஒன்றரை மணி நேரம் முல்லையின் இருத்தல். லாட்ஜ் வாடகை கேட்டு அம்மாவும் அப்பாவும் மாலைவரை பேசிக்கொள்ளாதது மருதத்தின் ஊடல். 14, 15, 16 ஆகிய மூன்று படங்களிலும் இருவருக்கும் நடுவே மாமா நிற்பதே சான்று. மூன்றாம் நாள் பர்ஸைத் திறந்த அப்பா முகத்தில் நெய்தலின் இரங்கல். எல்லாத் திணையும் கலந்து கிடந்தாலும் தொல்காப்பியர் கோபிக்க மாட்டார். நிலத்தோடு நிலம் மயங்கக் கூடாது என்பதுதான் அவர் போட்ட தடை.

அந்தத் தடையை உடைத்தது தீம் பார்க். 2024 மே மாதம், ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமான சில நாளில், மறுபடி போனோம். அப்புச்சி இல்லை, அப்பாவும் இல்லை. இறங்கி வரும் வழியில் பேரன் பேத்திகளுக்காக ஒரு தீம் பார்க்கில் நுழைந்தோம். அங்கே சிமென்ட் மலை அடிவாரத்தில் இயந்திரத்தால் அலையடிக்கும் கடல். பக்கத்தில் நட்டுவைத்த பனிக்கரடி. குறிஞ்சியும் நெய்தலும் ஒரே டிக்கெட்டில். இந்தப் பயணத்தில் ஆறு போன்களில் எடுத்தவை 1,412 படங்கள். இவற்றுக்கு உரை கிடையாது. அம்மா இரண்டு நிமிடம் விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு, “எல்லாம் ஒன்னாட்டவே இருக்குது” என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

ஆய்வுக்குத் தகுந்தது ஒன்றே ஒன்று. அதை எடுத்தவர் எங்களில் எவரும் இல்லை. மலை ரயில் கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பல்சட்டத்தைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. நாங்கள் ஏறிய தீம் பார்க் ரோலர் கோஸ்டரும் அப்படித்தான், சங்கிலி இழுக்க, பின்னால் சறுக்காதபடி தடுக்கும் பற்கள் டக்டக்கென்று விழ, ஏறுகிறது. ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர் ஏற ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. 20 மீட்டர் உயரத்திலிருந்து தடையின்றி விழ இரண்டே நொடி. அந்த இரண்டு நொடிக்குள், பாதையோரம் ஒளிந்திருக்கும் கேமரா, பெட்டி வந்ததைத் தானே உணர்ந்து தானே அழுத்திக்கொள்கிறது. ‘ரெடி’ இல்லை, ‘ஒன்னு, ரெண்டு’ இல்லை. வெளியே வரும் வழியில் திரையில் காட்டி, பிரிண்ட் 250 ரூபாய் என்றார்கள்.

திரையில் பார்த்தோம். சித்தப்பா கண்ணை இறுக மூடி உதட்டைக் குவித்திருந்தார். சித்தி அவர் சட்டைக் காலரைப் பிடித்திருந்தார். அம்மா, அறுபத்தொரு வயது, இரண்டு கையையும் மேலே தூக்கி, தலையைப் பின்னால் சாய்த்து, தெத்துப்பல் உட்பட அத்தனை பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தத் தெத்துப்பல்லுக்காக முப்பத்தேழு படங்களிலும் உதட்டை மூடியே நின்றவர்.

“எதுக்குச் சாமி காசக் கொண்டுபோயிக் கொட்டறே? பல்லெல்லாம் தெரியுது” என்று அவர் நடந்துவிட்டார். நான் தயங்கி, பின் போனை எடுத்துத் திரையைப் பிடிப்பதற்குள் அடுத்த பெட்டியின் படம் வந்துவிட்டது. இப்போது என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்: வாய் பிளந்த நான்கு அந்நியர்கள், சற்றே ஆடிப்போய். குண்டலகேசியும் வளையாபதியும் முழுதாகக் கிடைக்கவில்லை என்று வருந்துவோர் என் நிலையை உணர்வர்.

ஊர் வந்து சேர்ந்ததும் அம்மாவிடம் அதைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, போனை மடியில் வைத்து, பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிட்டார்.

“இந்தச் செவப்புச் சட்டைக்காரருதான் கியூவுல நமக்குப் பொறகால நின்னவரு. இந்தப் புள்ள ஏறவே மாட்டேன்னு ஒரே அழுகை. நாந்தான் பையில இருந்த எலுமிச்சம்பழத்தக் குடுத்தேன்.”