கம்பெனி கார்டுக்குச் செலவு வரம்பு: காதர்பேட்டையை முன்வைத்து ஓர் ஆய்வு

ஊழியர் கையில் கொடுக்கும் கார்டில் நாளுக்கு, வாரத்துக்கு அல்லது மாதத்துக்கு இவ்வளவுதான் செலவு செய்யலாம் என்று முதலாளி விதித்து வைக்கும் தொகையே செலவு வரம்பு. தவணை முடிந்ததும் தொகை தானாகவே நிரம்பிக்கொள்ளும். இடையில் தீர்ந்தால் கார்டு மறுத்துவிடும். முதலாளியைப் போல அரை மணி நேரம் பேசிவிட்டுக் கடைசியில் கொடுத்துவிடாது.

திருப்பூர் ரயில் நிலையத்தை ஒட்டிய காதர்பேட்டை, பனியன், ஜட்டி, டி-ஷர்ட், ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு ஆகியவற்றின் மொத்தச் சந்தை. இங்கே கார்டு புதிது, வரம்பு பழையது. கணக்குப்பிள்ளையின் மேசை டிராயரில் ஒரு தொகை இருக்கும். டீ, குட்டியானை வாடகை, பார்சல் கூலி, நூல்கண்டு எல்லாம் அதிலிருந்து போகும். சனிக்கிழமை வவுச்சர்களைக் காட்டினால் செலவான அளவு மட்டும் திரும்ப வரும். கணக்கியல் பாடநூல்கள் இதற்கு முன்பண முறை என்று பெயரிட்டிருக்கின்றன.

இதே முறை இன்னும் கறாராக நடப்பது ஏற்றுமதித் தையல் கூடங்களின் ஊசி விநியோகத்தில். உடைந்த ஊசியின் எல்லாத் துண்டுகளையும் ஒப்படைத்துப் பதிவேட்டில் ஒட்டினால்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு குறைந்தாலும் தேடல் தொடங்கும். தைத்த சரக்கு மெட்டல் டிடெக்டருக்குப் போகும். வெளிநாட்டுக் குழந்தையின் சட்டையில் ஊசிமுனை சிக்கிவிடக் கூடாது என்பதற்காக வந்த ஒழுங்கு இது. வவுச்சருக்கு இந்த ஒழுங்கு வாய்க்கவில்லை. ஊசித் துண்டுகளைச் சேர்த்தால் ஒரே ஓர் ஊசிதான் வரும். டீக்கடைச் சீட்டுகளைச் சேர்த்தால் எத்தனை டீ வேண்டுமானாலும் வரும்.

வரம்புத் தொகையை நிர்ணயிக்கச் சூத்திரம் எதுவும் கிடையாது, முதலாளியின் நினைவாற்றல்தான் உண்டு. திருப்பூர் முதலாளிகளில் பலர் தொழிலாளியாக இருந்து மேலே வந்தவர்கள் என்பதை ஷரத் சாரி 2004-ல் வெளியிட்ட ஆய்வு நூலில் விரிவாகவே எழுதியிருக்கிறார். அதன் நிதி விளைவை மட்டும் அறிஞர்கள் கவனிக்கத் தவறினர். பார்சல் ஆபீசுக்கு நடந்து போய்விட்டு ஆட்டோவுக்கு வவுச்சர் எழுதும் கலையை, அதே தெருவில் பயின்றவரிடமே செய்துகாட்ட வேண்டியிருக்கிறது. ஆகவே வரம்பு என்பது முதலாளியின் இளமைக்கால அனுபவத்தை இன்றைய விலைவாசிக்கு மாற்றி எழுதிய எண்.

எந்த எண்ணை வைத்தாலும் செலவு அதைப் போய்த் தொடும். வருமானத்தைத் தொடும்வரை செலவு உயரும் என்று பார்க்கின்சன் என்ற எழுத்தாளர் 1960-ல் எழுதினார்; வருமானம் இருந்த இடத்தில் வரம்பை வைத்தால் காதர்பேட்டைக்கும் பொருந்தும். மீதித் தொகை அடுத்த தவணைக்கு ஏறாது என்று அமைத்த கார்டில், கடைசி நாளன்று ஸ்டேப்ளர் பின்னும் மார்க்கர் பேனாவும் அவசரத் தேவையாகிவிடுவது இதனால்தான்.

வரம்புக்குள் அடங்கிக் கிடக்கும் பழக்கத்தைச் சட்டமும் வளர்த்திருக்கிறது. ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், வருமான வரிக் கணக்கில் அதைச் செலவாகக் கழிக்க முடியாது. 2017-க்கு முன் இந்த எல்லை 20,000. ரசீது 5,000 ரூபாயைத் தாண்டினால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். 4,990, 9,900 ஆகிய எண்களுக்கு வவுச்சர் இலக்கியத்தில் உள்ள தனி மதிப்பு இப்படிப் பிறந்ததே.

கால அளவில்தான் பெரும் சிக்கல். கார்டு மாதம் பிறந்தால் நிரம்புகிறது. திருப்பூர் சனிக்கிழமைச் சம்பளத்தை வைத்து வாழ்கிறது. மாத வரம்பு விதித்த கம்பெனியில் முதல் இரண்டு வாரம் போண்டாவும், பின்பு வெறும் டீயும், கடைசியில் சூப்பர்வைசரின் சொந்தக் காசும் செலவாகின்றன. தீபாவளிச் சரக்கு ஏறும் மாதத்தில் வரம்பு எந்தத் தேதியில் முடியும் என்பதை எழுதவே வேண்டியதில்லை. வார வரம்பே இவ்வூருக்கு ஏற்றது. அதுவும் சனி இரவில் முடிந்து ஞாயிறு காலையில் நிரம்புவதாக இருக்க வேண்டும். ஞாயிறு விடுமுறை என்பதால் புதுத் தொகை ஒரு நாளாவது முழுதாக இருக்கும்.

அடுத்தது டீக்கடை. அங்கே கார்டு தேய்க்கும் மெஷின் இல்லை, க்யூஆர் அட்டை உண்டு. 2022 முதல் ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயுடன் இணைக்கலாம் என்றாலும், வணிகருக்கான க்யூஆரில்தான் அது செல்லும். கடைக்காரரின் சொந்தக் கணக்குக்குப் போகாது. 2024-ல் வந்த யுபிஐ சர்க்கிளில் தன் கணக்கிலிருந்து இன்னொருவர் மாதம் 15,000 ரூபாய் வரை செலவிட அனுமதிக்கலாம். குடும்பத்தாருக்கும் நம்பிக்கையானவர்களுக்கும் என்று வந்த வசதி அது. பனியன் கம்பெனியில் கணக்குப்பிள்ளை இவ்விரண்டில் எதில் சேர்வார் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

மீறல் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கார்டுதாரர் தம் வரம்பை எந்த நேரத்திலும் மாற்றிக்கொள்ள வசதி தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் வங்கிகளுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே லாரி வாசலில் நிற்க, கார்டு மறுத்தால், சூப்பர்வைசர் முதலாளிக்குப் போன் போடுகிறார். முதலாளி முதலில் திட்டுகிறார், பிறகு செயலியைத் திறந்து வரம்பைக் கூட்டுகிறார். லாரி போன பின் அதைக் குறைக்க மறந்துவிடுகிறார்.