பல்லு வெளக்கிக்கினே ஃபீல்டு ஒர்க்

பி.காம் படிக்கிற எனக்கு சுற்றுச்சூழல் பாடம் எதுக்கு தாத்தான்னு கேக்குறே. நாயந்தான் பேராண்டி, படிக்காதே. மொத்தம் 140 கிரெடிட்டு. அதுல பார்ட் ஃபோர் மூலைல குந்தினு கீறது ரெண்டே ரெண்டு. அதுக்கு எவன் மூளைய கரைப்பான்?

அத்த கட்டாயமாக்குனது உங்க காலேஜ் இல்ல, திட்டாத. எம்.சி. மேத்தான்னு ஒரு வக்கீல் கேஸு போட்டு, 1991ல சுப்ரீம் கோர்ட் சொல்லிச்சு. எல்லா டிகிரிக்கும் பொதுவா யூ.ஜி.சி. பாடம் எழுதிக் குடுக்க 2003 ஆச்சு. பதறாத ஆளுங்க.

படிச்சா தூக்கம் போயிரும்டா. 2017 ஜனவரி 28ல எண்ணூர் கடல்ல ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டிச்சே, அத்த பக்கெட்டுல மொண்டாங்க. அம்மாம் பெரிய துறைமுகம், கைல பிளாஸ்டிக் பக்கெட்டு! படிச்சவனா இருந்தா, கரைக்கு வர்றதுக்கு முன்னாடியே மெதக்குற தடுப்பு போட்டு ஏன் மடக்கலன்னு கேப்பான். உனக்கு இன்னாத்துக்கு அந்த பேஜாரு?

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட கொசஸ்தலை ஆத்துல எண்ணெய். அதே மாசம் 26ந் தேதி ராவுல எண்ணூர் பெரியகுப்பத்துல அமோனியா கசிஞ்சிச்சு. மூச்சு முட்டி சனம் தெருவுல ஓடிச்சு. அந்த வாயு தண்ணீல கரையும்னு தெரிஞ்சவன், ஈரத்துணிய மூஞ்சில கட்டினு காத்துக்குக் குறுக்கால ஓடுவான். தெரியாதவன் காத்தோடவே ஓடுவான், வாயுவும் கூடவே வரும். நீ பி.காம் ஆச்சே, நின்னு அமோனியாவ டெபிட்டுல எழுதுறதா கிரெடிட்டுல எழுதுறதான்னு யோசி.

அந்தப் பாடத்துல ஃபீல்டு ஒர்க் வேற கீதாமே. பக்கத்துல மாசுபட்ட எடம் ஒண்ணப் பாத்து எழுதணுமாம். ஏற்காட்டுப் பசங்க பாவம், அலையணும். எண்ணூர்ல கீற நீ வாசல்ல நின்னு பல்லு வெளக்கிக்கினே முடிச்சிரலாம். நீ இன்னாடான்னா நெட்டுல கங்கை படத்த எடுத்து ஒட்டினு குந்தினு கீறே! கழிமுகத்துல கரண்டு கம்பெனி சாம்பல் எங்க படியுது, முன்ன எறாலு எங்க கெடைக்கும், இப்ப ஏன் வலைய அங்க வுடுறதில்ல, இதெல்லாம் உன் நெட்டுல கீதா?

நாளிக்கு காலீல வா, படகுல கூட்டினு போறேன். உங்க வாத்தியாரையும் இட்டுனு வா. வெள்ள சட்ட மட்டும் வேணாம்னு சொல்லிரு.