நூறு கை ராட்சசர்கள்

கி.பி. 100 வாக்கில், இன்று ஜோர்டானில் ஜெராஷ் என்று அழைக்கப்படும் கெராசாவில், நிக்கோமாக்கஸ் என்றொரு பெரியவர் எண்களுக்கு ஜாதகம் கணித்துக்கொண்டிருந்தார். ஒரு எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் சிறிய எண்களையெல்லாம் கூட்டுவார். 6 மாதிரி அதே எண் திரும்பி வந்தால் நிறைவெண், ஜாதகம் சுத்தம். குறைந்தால் குறைவெண். கூடினால் மிகையெண். 12-ஐப் பாருங்கள்: 1, 2, 3, 4, 6 சேர்ந்து 16 ஆகிவிடுகிறது.

இதோடு எழுந்து சாப்பிடப் போயிருக்கலாம். மிகையெண்களைத் திட்ட ஆரம்பித்தார். பத்து வாய் முளைத்த பிராணியாம். இல்லையென்றால் ஒன்பது உதடு, மூன்று வரிசைப் பல், நூறு கை. 12 அவருக்கு என்ன கெடுதல் செய்ததோ! ரோமானிய அறிஞர் போயித்தியஸ் இதையெல்லாம் லத்தீனுக்குக் கொண்டுபோக, ஐரோப்பியப் பிள்ளைகள் பல நூற்றாண்டு பயபக்தியோடு படித்தார்கள்.

இன்னொரு கூத்து: இந்த மூன்று பிரிவும் இரட்டை எண்களுக்கு மட்டுந்தான். ஒற்றை எண்ணுக்கு அவ்வளவு கொழுப்பு ஏறாது என்று நினைத்தார் போலும். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. முதல் ஒற்றை மிகையெண் 945-இல்தான் எட்டிப் பார்க்கிறது (கூட்டினால் 975). 1037-இல் காலமான அல்-பாக்தாதி அதைக் கண்டுபிடித்துவிட்டார். பெயரென்னவோ ஆறு நூற்றாண்டு பிந்தி வந்த பிரெஞ்சுக்காரர் பாஷேவுக்கு.

இந்த 945-க்கும் ஒரு காலம் வந்தது. இரண்டு மிகையெண்களைக் கூட்டி எந்தெந்த எண்களைச் செய்யலாம்? இரட்டைகள் சமர்த்து, 46-ஐத் தாண்டினால் எல்லாம் வந்துவிடும். ஒற்றை வேண்டுமென்றால் ஜோடியில் ஒருவர் ஒற்றையாக இருந்தே தீரவேண்டும். ஆகவே 945+12, அதாவது 957 வரும்வரை ஒற்றைகளுக்குக் கதவே திறக்காது.

1949-இல் லியோ மோசர் 945-க்குத் துணையாக 88-ஐக் கூட்டிவந்தார். இரண்டும் மிகையெண்கள், 1-ஐத் தவிர இரண்டுக்கும் பொது வகுத்தி கிடையாது. மிகையெண்ணின் மடங்கும் மிகையெண்தான், பரம்பரை உடம்பு. 88×945 = 83160. அதைத் தாண்டிய எந்த எண்ணையும் 88-இன் மடங்கு ஒன்று, 945-இன் மடங்கு ஒன்று என இரண்டாக உடைத்துவிடலாம். முடிந்தது கதை! இவ்வளவு சல்லிசான நிரூபணத்தைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

1964-இல் லாஸ் ஏஞ்சலிஸ் விண்வெளி நிறுவனமொன்றிலிருந்து பார்க்கின், லேண்டர் இருவரும் எல்லையை இழுத்துப் பிடித்து இறக்கினார்கள். ஜோடி அமையாத எண்கள் மொத்தம் 1456. கடைசி ஆள் 20161. 20162 முதல் வருகிற ஒவ்வொருவரையும் நூறு கை ராட்சசர்கள் இருவர் சேர்ந்து தூக்கிக்கொண்டு போகிறார்கள்.