ஓரியின் அம்பும் அரசாணையும்

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் வீழ்த்தினான் என்பார்கள். நம் பள்ளிக் கல்வித் துறையின் அரசாணைக்கும் குறி தப்பாது. 2018-இல் மாவட்டத் தொடக்கக் கல்வி அலுவலர் பதவி காலி. 2022-இல் தொடக்கக் கல்விக்கென்று தனி மாவட்டக் கல்வி அலுவலர் மறுபடி ஆஜர். 2021-இல் இயக்குநர் போய் ஆணையர் வந்தார். 2023-இல் இயக்குநரே திரும்பினார். இதில் முழுத் தேர்ச்சி கண்டவர் பெயர்ப்பலகை எழுதுகிறவர் மட்டுமே.

கொல்லிமலைமேல் இன்னும் வசதி. உண்டு உறைவிடப் பள்ளிகள் பழங்குடியினர் நலத் துறைக்கு. மற்றவை பள்ளிக் கல்வித் துறைக்கு. யாரிடம் கேட்பது என்று பெற்றோர் கண்டுபிடிப்பதற்குள் அந்த அதிகாரிக்கு மாறுதல் வந்துவிடும். ஆசிரியர் கதையும் அதேதான். அடிவாரக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தவர், முதல் நாளே "அடுத்த மாறுதல் கலந்தாய்வு எப்போ சார்?" என்று விசாரித்தால் குற்றமா? வரவேற்புச் சால்வையே வழியனுப்பவும் ஆகும்.

முந்தையவர் தொடங்கிய மாலை வகுப்பைத் தொடர்வது புதியவருக்குக் கௌரவக் குறைச்சல். அது நிற்கும், புதுப் பதிவேடு ஒன்று பிறக்கும். மிளகு பறிக்கும் பருவத்தில் எந்தப் பிள்ளை வகுப்புக்கு வராது என்பது நாலைந்து வருடம் இருந்தவருக்குத்தான் தெரியும். அதைக் கோப்பில் கட்டி ஒப்படைக்க முடியாது.

தேர்ச்சி குறைந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் தவறாமல் வரும். பதில் எழுத அடுத்தவர் வருவார்.