பாரதப் போருக்கு முந்தின போர்

வியாசர் கணக்கில் பாரதப் போர் பதினெட்டு நாள். மட்டக்களப்பு வாவியோர ஊர்க் கூத்தில் ஒரே இரவுதான். பொழுதுபட்டபின் மத்தளம் முழங்கினால், கர்ணன் விழும்போது கோழி கூவிவிடும். ஆனால் அதற்கு முந்தின போர் மாதக்கணக்கில் இழுக்கும். வியாசர் அதை எழுதாமல் விட்டதில்தான் அவருடைய புத்தி தெரிகிறது.

பெரும்போக வெள்ளாமை வெட்டி நெல் வீடு வந்ததும், "இந்த முறை என்ன கூத்து?" என்று பேச்சுக் கிளம்பும். வடமோடிக் கூத்து என்றால் பெரும்பாலும் போர், சாவு. தென்மோடி என்றால் காதல், கலியாணம். ஊரில் எது குறைவோ அதை ஆடலாம் என்பது என் அபிப்பிராயம். என்னை யாரும் கேட்டதில்லை.

அடுத்தது சட்டம் கொடுத்தல். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் குரலையும் ஆளையும் பார்த்து, இன்னாருக்கு இன்ன வேடம் என்று பாட்டைக் கையில் கொடுக்கும் நாள். மெய்யான குருக்ஷேத்திரம் இதுதான். அருச்சுனனுக்கு ஏழு பேர் நிற்பார்கள், சகுனிக்கு ஒருவரும் இல்லை. "எல்லாரும் அருச்சுனன் கேட்டா நான் என்ன கா செய்ய? காண்டீபம் ஒண்டுதானே!" என்று அண்ணாவியார் தலையில் கைவைப்பார். பெண் வேடமும் வழக்கமாக ஆண்களுக்கே என்பதால் திரௌபதிக்கு மீசை போகும். துகிலுக்கு அழுததைவிட மீசைக்குக் கூட அழுத திரௌபதிகள் உண்டு.

உடுப்பு இன்னொரு கூத்து. தலையில் கெருடம் என்கிற முடி, இடுப்பில் கோழிக் கரப்பைக் கவிழ்த்தது போல விரிந்த கரப்புடுப்பு. இதைக் கட்டிக்கொண்டு துரியோதனன் களரிக்குள் வந்தால், பாண்டவருக்கு ஐந்து வீடு கூடக் கொடுக்காத காரணம் விளங்கும். அவனுக்கே இடம் போதாது!

1962 இல், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படிப்பித்த சு. வித்தியானந்தன், வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரைக் கொண்டு அங்குள்ள மாணவர்களுக்குக் கூத்துப் பழக்கி, 'கர்ணன் போர்' போட்டார். சுற்றிவர இருந்து பார்த்த வட்டக்களரி, முன்னாலிருந்து மட்டும் பார்க்கிற மேடையானது. விடியவிடியச் சாகிற கர்ணன் ஓரிரு மணி நேரத்துக்குள் செத்தான். 1964 இல் 'இராவணேசன்', அப்போது மாணவராயிருந்த மௌனகுருதான் இராவணன். படித்தவர்கள் கைதட்டினார்கள், கூத்துக்கு மரியாதை வந்தது. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்த மண்டபத்தில் பாய் விரிக்க இடமேது?

ஊரில் அம்மம்மாமார் பாயோடுதான் கூத்துக்குப் போவார்கள். "கர்ணன் வந்தா எழுப்பு மனே" என்று சொல்லிவிட்டுச் சரிவார்கள். நடுச்சாமம் கழிந்து, இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் சதங்கை குலுங்கும். திரை விலகி, கர்ணன் வரவுத்தரு பாடிச் சுழன்று ஆடுவான். எழுப்பிவிட்டால், அம்மம்மா ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்ப்பா.

"இவன் அருச்சுனன் கேட்டு அழுத பொடியன்தானே?"

மறுபடி குறட்டை.